நியூ ஃபாரஸ்ட்டில் கைகொடுத்த அம்மாவுக்கு

பிப்ரவரி கடைசி ஞாயிறு, இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட்டில் நடக்கப் போயிருந்தோம். முதலாம் வில்லியம் மன்னர் 1079 வாக்கில் வேட்டைக்காக ஒதுக்கிய காடு. நைட்வுட் ஓக் என்ற பழைய மரத்தைப் பார்த்துவிட்டு, இலையுதிர்ந்த பீச் மரங்களைத் தாண்டிப் புதர்வெளிக்கு வந்தோம். ஹெதர் செடிகள் பழுப்பேறிக் கிடக்க, கார்ஸ் புதரில் மட்டும் மஞ்சள் பூ. கிட்டப் போனால் தேங்காய் வாசனை! அந்தச் சந்தோஷத்தில், பச்சைப்பசேல் என்று தெரிந்த இடத்தில் கால் வைத்தேன். பாசி மூடிய சதுப்பு. முழங்கால்வரை இறங்கிவிட்டது.

நாயோடு வந்த வயதான அம்மா ஒருவர் கைத்தடியை நீட்டி, நிதானமாக என்னை வெளியே இழுத்தார். அதோடு விடவில்லை. பளிச்சென்ற பச்சை தெரிந்தால் ஒதுங்க வேண்டும், கார்ஸ் வளர்ந்த பக்கம் தரை கெட்டியாக இருக்கும் என்று காட்டிக்கொண்டே கார் நிறுத்துமிடம்வரை கூடவே வந்தார். அங்கே திரியும் குட்டைக் குதிரைகளுக்கு உரிமையாளர்கள் உண்டு என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்புறம், என் மகளின் கையுறை நனைந்திருப்பதைப் பார்த்துத் தன்னுடையதைக் கழற்றி மாட்டிவிட்டார். பதற்றத்தில் அதைத் திருப்பித் தரவும் மறந்தோம், பெயரையும் கேட்கவில்லை.

ரொம்ப நன்றி அம்மா. கையுறையைத் துவைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறோம். அதே பாதையில் மறுபடியும் வருவோம்.