மூன்று சீஆர் கொப்பி

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

அன்பின் மச்சானுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒன்பது நிமிடக் குரல் கிடைத்தது. அதில் நாலு நிமிடம் உன் முழங்கால், இரண்டு நிமிடம் லண்டன் மழை, மிச்சம் முழுக்க உன் மகள், என் மருமகள். நானும் குரலிலேயே பதில் சொல்லப் பார்த்தேன். இடையில் மீன்காரர் வந்தார், அடுத்த வீட்டு நாய் குரைத்தது, சொல்ல வந்ததே மறந்துபோயிற்று. அதனால் பழையபடி கடதாசியும் பேனையும். எழுதி முடித்ததும் பெடியனைக் கொண்டு படம் எடுத்து அனுப்புகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். நல்லூர்த் திருவிழா முடிந்து தெருவெல்லாம் வெறிச்சென்று கிடக்கிறது. பனம்பழக் காலம். இவள், என் வீட்டுக்காரி, நேற்றுப் பணியாரம் சுட்டாள். எனக்கு மூன்றுதான் தந்தாள், சீனி வருத்தத்தைக் காட்டி. உன் அம்மாவின் வீட்டுக்கும் போனேன். பின்பக்கக் கூரை மரம் இரண்டு உக்கிப்போயிருக்கிறது. மாரிக்கு முன் மாற்றாவிட்டால் ஓடு இறங்கிவிடும். தச்சரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன், கணக்கைப் பிறகு சொல்வதாகச் சொன்னார்.

சரி, மருமகளின் அலுவலுக்கு வருகிறேன். அரசியல், மெய்யியல், பொருளியல் மூன்றையும் ஒரே பட்டமாகப் படிக்கப் போகிறாள், அதைக் கேட்டு அவளுடைய தாய் இரண்டு நாளாக ஒருவரோடும் கதைக்கவில்லை என்கிறாய். “கணக்கு நல்லாய்ச் செய்கிற பிள்ளை எஞ்சினியரிங் போகாமல் இதென்ன மூன்று வால் படிப்பு” என்று என்னையே கேட்கிறாய். மச்சான், நீயும் நானும் எண்பதுகளில் படித்தது என்ன? கலைப்பீடத்தில் அதே மூன்று பாடம். பொருளியல், அரசறிவியல், மெய்யியல். பெயர்தான் வேறு. எங்களுடையது வெறும் ‘பொது’. ஒரு பாடத்தை ஆழமாகப் படித்தவன் ‘சிறப்பு’, மூன்றைப் படித்தவன் பொது. என்னைக் கலியாணத்துக்குப் பார்க்க வந்தபோது மாமனார், “தம்பி பொதுவோ, சிறப்போ?” என்று கேட்டார். நான் பொது என்றதும் மிச்சத் தேத்தண்ணீரை ஒரே மிடறில் குடித்துவிட்டு எழும்பினார். நல்ல காலம், இவள் எழும்பவில்லை.

போன மாதம் பழைய அலுமாரியை ஒதுக்கியபோது என்னுடைய மூன்று சீஆர் கொப்பிகளும் கிடைத்தன. பொருளியல் கொப்பியைக் கறையான் அரைவாசிக்கு மேல் தின்றிருந்தது. அரசறிவியலில் மட்டை போய்விட்டது. அளவையியலும் (தர்க்கம்) மெய்யியலும் எழுதிய கொப்பி மாத்திரம் புதிது மாதிரி இருக்கிறது, கறையானுக்குக்கூட அது செமிக்கவில்லைப் போல. இருந்து புரட்டிப் பார்த்தேன். ஒரே கிழமையில், ஒரு கொப்பியில் கேள்வி, நிரம்பல் (டிமாண்ட், சப்ளை), சமநிலை விலை என்று எழுதியிருக்கிறேன், மற்றதில் நீதி என்றால் என்ன என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சமநிலை விலையில் அரிசி வாங்கக் காசில்லாதவனுக்கு நீதி என்ன என்று இரண்டில் எந்தக் கொப்பியிலும் ஒரு வரி இல்லை. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. விரிவுரையாளர்களில் பிழை சொல்ல மாட்டேன். நாங்கள் கன்ரீனில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு உலகம் முழுவதையும் தீர்த்துவைத்தோம், பரீட்சைக்கு மட்டும் மூன்று தனித்தனிக் கிணற்றில் அள்ளினோம்.

மருமகள் கேட்கிற படிப்பு 1920இல் ஒக்ஸ்போர்ட்டில் தொடங்கியது. அதற்கு முன் அங்கே பெரிய படிப்பு என்றால் கிரேக்கமும் லத்தீனும் படித்துப் பழைய வரலாறும் மெய்யியலும் கற்பதுதான், அதை ‘கிரேட்ஸ்’ என்பார்கள். முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு, பழைய மொழி தெரியாதவர்களும் இந்தக் காலத்து அரசையும் பொருளாதாரத்தையும் அதே கடுமையோடு படிக்கட்டும் என்று கொண்டுவந்தார்கள். அதனால் தொடக்கத்தில் ‘மொடேர்ன் கிரேட்ஸ்’ என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்த கூத்து ஒன்று இருக்கிறது. 1903இல் கேம்பிரிட்ஜில் பொருளியல் பேராசிரியர் மார்ஷல் அடம்பிடித்துப் பொருளியலை ஒழுக்கவியல் துறையிலிருந்து பிரித்துத் தனிப் பட்டமாக்கினார். பதினேழு வருடம் கழித்து அடுத்த ஊர்க்காரர் திரும்பவும் ஒட்டவைத்தார்கள். அடம் ஸ்மித்தே கிளாஸ்கோவில் ஒழுக்க மெய்யியல் பேராசிரியர்தானே. 1776இல் வந்த புத்தகத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்குப் பதினேழு வருடம் முந்தி, 1759இல், மனிதர் ஒருவரையொருவர் எப்படி உணர்கிறார்கள் என்று அவர் எழுதியதை எங்கள் வகுப்பில் நீயும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை.

தாய்க்காரிக்குச் சொல்வதென்றால் சொல்: ஹரோல்ட் வில்சன், எட்வர்ட் ஹீத், டேவிட் கமரன், ரிஷி சுனக் எல்லோரும் இதைப் படித்துப் பிரதமர் ஆனவர்கள். பெனாசீர் பூட்டோ, இம்ரான் கான் கூட. பிரதமர் ஆகாவிட்டாலும் ஆங் சான் சூகியும் இதைத்தான் படித்தார். ஆனால் உனக்கு மட்டும் மிச்சத்தையும் சொல்கிறேன். லிஸ் ட்ரஸும் இதே படிப்புத்தான். 2022 செப்டெம்பரில் காசு எங்கிருந்து வரும் என்று சொல்லாமலே அவருடைய அரசு வரிக்குறைப்பை அறிவித்தது. பவுண் சரிந்தது, பதவிக்கு வந்த 49 நாளில் பதவி போயிற்று. எங்கள் நாட்டில் 2019 கடைசியில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்த கோட்டாபய படையிலிருந்து வந்தவர். ஒருவர் ஒக்ஸ்போர்ட், ஒருவர் இராணுவம். கணக்கு இருவருக்கும் ஒரே மாதிரித்தான் பிழைத்தது. ஆகவே பட்டத்தை வாங்கிக் கழுத்தில் கட்டினால் புத்தி வரும் என்று நான் சொல்லப் போவதில்லை. கிழமைக்குக் கிழமை கட்டுரை எழுதி ஆசிரியருக்கு முன்னால் இருந்து அதைக் காப்பாற்றிப் பழகுகிறவர்களுக்கு ஒரு வருத்தம் வரும். எதைப் பற்றியும் இருபது நிமிடம் வடிவாகக் கதைப்பார்கள். விளங்கிக் கதைக்கிறார்களா, கதைக்கிறபடியால் விளங்கியது மாதிரி இருக்கிறதா என்பது அவர்களுக்கே தெரியாமல் போய்விடும். மருமகளைப் பற்றி எனக்குப் பயம் இருந்தால் அந்த ஒன்றில்தான். பிள்ளை சின்னனிலேயே நல்ல வாய்.

சரி, இந்த மூன்றையும் ஏன் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று கேட்டாய் அல்லவா? எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே வா. பின்வீட்டு மாமியை ஞாபகம் இருக்கும், மகன் ரொறன்ரோவில். 2021 கடைசியில் மத்திய வங்கி டொலரை 200 ரூபாய் சொச்சத்தில் பிடித்துக் கட்டிவைத்திருந்தது. வங்கிக்கு வெளியே காசு மாற்றிக் கொடுக்கிற உண்டியல்காரர் அதைவிட நாற்பது, ஐம்பது கூடத் தந்தார்கள். மகன் மாதம் 200 டொலர் அனுப்புவான். உண்டியலில் வந்தால் மாமிக்கு எட்டாயிரம், பத்தாயிரம் கூட. யார் வங்கிக்குப் போவார்? மோட்டார் சைக்கிளில் ஒரு பெடியன் படலைக்கு வருவான், காசை எண்ணிக் கொடுப்பான், மாமி ஒரு தரம் எச்சில் தொட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சட்டைக்குள் வைப்பா. முடிந்தது.

அடுத்த வருடம் மாமியின் பிரசர் குளிசை கிடைக்கவில்லை. நானே சைக்கிளில் ஐந்து பாமசி ஏறி இறங்கினேன். ஐந்தாவதில் ஒரு அட்டை கிடைத்தது, பழைய விலையைப் போல மூன்று மடங்கு. குளிசை வாங்க நாட்டில் டொலர் இல்லை. டொலர் ஏன் இல்லை என்பதற்கு நூறு காரணம் இருந்தது, ஆனால் அதில் ஒரு காரணம் மாமியின் சட்டைக்குள்ளும் இருந்தது. 2020இல் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்தது 7 பில்லியன் டொலருக்கு மேல். 2022இல் அது 4 பில்லியனுக்கும் கீழே. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தார்கள்.

இதை என் ரியூசன் வகுப்பில் போட்டேன். உயர்தரப் பிள்ளைகள், பதினெட்டுப் பேர். பொருளியல் பாடமாக எடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். விலையைக் கட்டினால் கறுப்புச் சந்தை வரும், படத்தைக் கீறு, புள்ளி வாங்கு. பிறகு கேட்டேன், மாமி செய்தது பிழையா? ஒரு பெடியன் எழும்பி, எல்லோரும் அப்படிச் செய்ததால்தானே குளிசை இல்லாமல் போனது, அப்படியென்றால் பிழைதான் என்றான். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, நாளெல்லாம் வாய் திறக்காதவள், “சேர், டொலரின் உண்மை விலை 240 என்றால், 200 என்று சொன்னவர்தானே பொய் சொன்னவர்? உண்மை விலைக்கு வாங்கியவர் எப்படிக் கள்ளர்?” என்றாள். இன்னொரு பெடியன் எழும்பினான். இந்த அரசாங்கத்தின் கையில் டொலரைக் கொடுத்தால் அது குளிசை வாங்குமா, வேறு என்ன வாங்கும் என்று உனக்குத் தெரியுமா என்றான். அதற்குப் பிறகு வகுப்பு வகுப்பாக இல்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அல்லவா, அரசை நம்பி ஒரு சதம் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கதை இருக்கிறது. மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை. முப்பது வருடம் படிப்பித்ததில் அப்படி நடந்தது நாலைந்து தரம்தான்.

அந்தப் பெட்டையின் கேள்வி எந்தப் பாடம், சொல்? விலை பொருளியல், பொய் மெய்யியல், அந்த 200ஐக் கட்டச் சொன்னவர் யார் என்றால் அரசியல். ஒன்றை உருவினால் மற்ற இரண்டும் கொட்டுண்டுவிடும். என் வீட்டுக்காரியின் சேமலாப நிதியில் அரசு கைவைத்ததும் அப்படித்தான். 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது ஓய்வுகால நிதிகள் குறைந்த வட்டிப் பத்திரத்துக்கு மாறவேண்டி வந்தது, வங்கிகளை விட்டுவிட்டார்கள். வங்கியைத் தொட்டால் வைப்பிலிட்டவன் பயந்து ஓடுவான் என்பது காரணம், கணக்கில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் இருபத்தெட்டு வருடம் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுப்பட்டவளிடம் யாராவது கேட்டார்களா? வள்ளுவர் அரசின் வேலையைச் சொல்கிறபோது இயற்றல், ஈட்டல், காத்தல் என்பவற்றோடு நாலாவதாக ‘வகுத்தல்’ என்று ஒன்று வைத்தார். இவள் அந்தக் குறளை வேறு தொனியில் சொல்கிறாள், கடிதத்தில் எழுத முடியாது.

ஆக மருமகள் போகட்டும். கட்டணம் 2025-26இல் 9,535 பவுண் என்று பார்த்தேன், எந்தப் பாடத்துக்கும் ஒரே அளவுதானே. வேலைக்கும் பயப்படாதே. அரச சேவை, வங்கி, பத்திரிகை என்று பரவலாகத்தான் போகிறார்கள். ஒக்ஸ்போர்ட்டுக்குப் போடுவதென்றால் ஒக்டோபர் 15க்குள் விண்ணப்பம் போக வேண்டும், அதை மறந்துவிடாதே. அங்கேயே போக வேண்டும் என்றும் இல்லை. யோர்க், வோரிக் என்று பல இடத்தில் இருக்கிறது. போகிற இடத்தில் மூன்றையும் மூன்று துறையில் தனித்தனியாகப் படிப்பித்துவிட்டு நீயே ஒட்டிக்கொள் என்கிறார்களா, ஒட்டிப் படிப்பிக்கவும் ஆள் வைத்திருக்கிறார்களா என்று அவள் கேட்டுப் பார்க்கட்டும். ஒக்ஸ்போர்ட்டைப் பற்றியே அந்த முறைப்பாடு பழையது.

அங்கே முதல் வருடம் மூன்றும் கட்டாயம், பிறகு ஒன்றை விடலாம். விடுவதென்றால் அரசியலை விடச் சொல். உனக்கு ஆச்சரியமாக இருக்கும். அரசியல் உன் வீட்டு மேசையிலும் எங்கள் ஒழுங்கை மதகிலும் கிடைக்கும். கணக்கும் அளவையியலும் மதகில் கிடைக்காது. வேலையை நினைத்தால் மெய்யியலை முதலில் தள்ளிவிடத்தான் மனம் வரும், மருமகள் அதைச் செய்துவிடக் கூடாது.

விண்ணப்பத்தில் எழுத 2022 யாழ்ப்பாணத்தில் எப்படி இருந்தது என்று மாமாவிடம் கேட்கச் சொன்னாளாம். வரிசையையும் இருட்டையும் நான் சொல்லி அவள் எழுதினால் அது என் கதை, வாசிக்கிறவருக்குக் கண்ணீர் வரலாம், மூளைக்கு ஒன்றும் வராது. அதற்கு வேறொன்று தருகிறேன். 1931இல் இலங்கையில் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது, பிரித்தானியப் பெண்களுக்குச் சமமான வாக்குக் கிடைத்து மூன்றே வருடத்தில். இங்கே வாலிபர் காங்கிரஸ், முழுச் சுயராச்சியம் இல்லை என்று முதல் தேர்தலையே பகிஷ்கரிக்க வைத்தது. வடக்கில் நாலு ஆசனம் 1934 வரை வெறுமையாகக் கிடந்தது. கொள்கைக்காக மூன்று வருடம் சபையில் ஆளில்லாமல் இருந்தது சரியா, அந்த மூன்று வருடத்தின் விலையை யார் கட்டியது? அதை அவள் யோசிக்கட்டும். எனக்கு இன்னும் விடை இல்லை, நீ கன்ரீனில் மேசையில் குத்தி அது சரி என்றாய், கிளாஸ் உடைந்து இரண்டு ரூபாய் கட்டினோம்.

மெய்யியல் கொப்பியை யாராவது லண்டனுக்கு வந்தால் கொடுத்துவிடுகிறேன். என் எழுத்து அவளுக்கு விளங்காவிட்டால் நீ வாசித்துக் காட்டு.

தச்சர் இப்போதுதான் போன் எடுத்தார். மரமும் கூலியுமாக ஒரு லட்சத்து அறுபதாயிரம் கேட்கிறார், கொஞ்சம் குறைப்பார். காசை இந்தக் கிழமையே அனுப்பு. வங்கியிலா உண்டியலிலா என்று மருமகளிடம் கேட்டுவிட்டு அனுப்பு. ஏன் என்றும் கேள், சொன்னதை எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பொதுப் பட்டதாரி