எங்களை ஆராய்ச்சி பண்ண வர்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

உடல் ஊனம் உள்ளவங்களோட வாழ்க்கைய பத்தி ஆராய்ச்சி பண்ற மாணவர்களுக்கும், அவங்களோட கைடுகளுக்கும், அந்த ஆராய்ச்சிக்கு அனுமதி குடுக்குற கமிட்டில இருக்கிறவங்களுக்கும் வணக்கம்.

தண்டுவடத்துல அடிபட்டு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி போயி 14 வருஷமா வீல்சேர்ல இருக்கிற பொண்ணு நான். இந்த 14 வருஷத்துல ஃபார்ம் எடுத்துகிட்டு என்னைத் தேடி வந்தவங்க ஏழு பேரு. ஏழு பேருக்கும் மறைக்காம பதில் சொல்லிருக்கேன், சிலருக்கு ஒரு மணி நேரம், ஒரு பொண்ணுக்கு மூணு நாள் சாயங்காலம் பூரா. முடிச்சதுக்கு அப்புறம் ஒருத்தர்கூட திரும்பி வந்து நாங்க கண்டுபிடிச்சது இதுதான்னு சொல்லல. அதுக்காக இனிமே யாரும் வராதீங்கன்னு சொல்ல இத எழுதல. வாங்க, ஆனா வர்ற விதத்த மாத்துங்கன்னு கேக்கத்தான் எழுதுறேன்.

ஆராய்ச்சி எவ்ளோ தேவைன்னு எனக்கு நல்லாவே தெரியும். எல்லா வகை ஊனத்தையும் சேத்து உலகத்துல 130 கோடி பேரு, அதாவது ஆறு பேர்ல ஒருத்தர்னு உலக சுகாதார நிறுவனம் 2022ல வெளியிட்ட அறிக்கை சொல்லுது. இவங்கள்ல சிலர் மத்தவங்கள விட 20 வருஷம் வரைக்கும் முன்னாடியே இறந்துடுறாங்கன்னும் அதுல இருக்கு. அத படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. அந்த 20 வருஷம் எங்க போகுது, படுத்தே, உக்காந்தே இருக்கிறதால வர்ற புண்ணு, அதாவது பிரஷர் சோர்லயா, யூரின் இன்ஃபெக்ஷன்லயா, எங்களால ஏறிப் படுக்க முடியாத ஆஸ்பத்திரி டேபிள்லயா, யாராவது உக்காந்து எண்ணி எழுதினாத்தானே எதாவது மாறும்.

ஆனா எங்ககிட்ட வர்ற ஃபார்ம்ல இதெல்லாம் இருக்காது. முதல் தடவை வந்த ஃபார்ம்ல ஒரு கேள்வி, "உங்கள் குறைபாட்டால் வெளியே செல்ல முடியாமல் இருக்கிறீர்களா?"ன்னு. ஆமான்னு டிக் பண்ணேன். அவங்க கிளம்பிப் போனதுக்கு அப்புறம்தான் யோசிச்சேன், நான் வெளிய போகாததுக்கு காரணம் என் காலா? வீல்சேர் நுழையிற அளவுக்கு கதவு வச்ச டாய்லெட் போற இடத்துல இருக்காதுங்கறதுதான் காரணம். எங்கயாவது போகணும்னா முந்தின நாள் ராத்திரியில இருந்தே தண்ணி குடிக்கிறத குறைச்சிடுவேன், என்ன மாதிரி நிறைய பேரு இப்படித்தான் பண்றாங்க, தண்ணி குறைஞ்சா இன்ஃபெக்ஷன் வரும், இன்ஃபெக்ஷன் வந்தா காய்ச்சல், காய்ச்சல் வந்தா பத்து நாள் படுக்கை, படுக்கையில திரும்பாம கிடந்தா புண்ணு. ஒரு கதவோட அகலத்துல ஆரம்பிச்சு ஆஸ்பத்திரி வரைக்கும் போற இந்த சங்கிலிய அந்த ஒரு டிக்குல எங்க சொல்றது? என் கால் மேலதான் பழி விழுந்துச்சு, நானே என் கையால போட்ட டிக்.

இதே விஷயத்த 1990லயே மைக் ஆலிவர் எழுதிட்டாரு. அவரு சின்ன வயசுல, 1962ல, கழுத்தெலும்பு உடைஞ்சு வீல்சேருக்கு வந்தவர், பிரிட்டன்ல ஊனத்த பத்தின படிப்புக்கு பேராசிரியரா இருந்தவர். 1980கள்ல பிரிட்டன் அரசாங்கம் எடுத்த சர்வேல இருந்த கேள்விகள எடுத்து ஒவ்வொண்ணா திருப்பிப் போட்டாரு. பொருள பிடிக்க, திருக உங்களுக்கு சிரமமா இருக்கிறதுக்கு உங்க உடம்புல என்ன கோளாறுன்னு சர்வே கேட்டுச்சு. ஜாடி, பாட்டில், டின்னெல்லாம் எப்படி தப்பா செஞ்சு வச்சிருக்கிறதால உங்களுக்கு திருக சிரமமா இருக்குன்னு அவரு கேட்டாரு. அதே கை, அதே பாட்டில்தான், ஆனா பதில் எழுதுறவங்க மனசுல விழற எண்ணம் முழுசா வேற. வீட்டுக்கு வந்து ஒரு அதிகாரி உக்காந்து உன்கிட்ட என்ன கோளாறு, உன்கிட்ட என்ன கோளாறுன்னு வரிசையா கேட்டா, கடைசியில எல்லாமே நம்ம தப்புதான் போலன்னு அந்த ஆளு நினைக்கத்தான் செய்வாரு. எனக்கு அதுதான் நடந்துச்சு. அவரு எழுதினத படிச்சப்ப, என் வீட்டுக்குள்ள நடந்தத பக்கத்துல இருந்து பாத்து எழுதின மாதிரி இருந்துச்சு.

அதுக்கும் முன்னாடி நடந்த ஒண்ண கட்டாயம் சொல்லணும். இங்கிலாந்துல லே கோர்ட்னு ஒரு இல்லம், உடல் ஊனமுள்ளவங்க தங்குற இடம். 1960கள்ல அங்க இருந்தவங்க ராத்திரி எப்ப தூங்கறதுங்கறத நாங்களே முடிவு பண்ணணும், சொல்லாம வெளிய போய்ட்டு வர்ற சுதந்திரம் வேணும்னெல்லாம் நிர்வாகத்தோட போராடிகிட்டு இருந்தாங்க. படிச்ச ஆராய்ச்சியாளருங்க வந்து பாத்தா நம்ம பக்கம் நியாயம் இருக்குன்னு புரியும்னு நம்பி அவங்களே கூப்பிட்டாங்க. எரிக் மில்லர், ஜெரால்டின் க்வின்னு ரெண்டு பேர் வந்தாங்க, வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணாங்க, 1972ல புத்தகமா வந்துச்சு. இந்த மாதிரி இல்லத்துக்குள்ள போனாலே சமூகத்த பொறுத்தவரை அவங்க செத்தவங்க மாதிரிதான், அந்த சாவுக்கும் உடம்போட சாவுக்கும் நடுவுல இருக்கிற காலத்த ஓட்ட உதவுறதுதான் இல்லத்தோட வேலைங்கற மாதிரி அதுல எழுதியிருந்தாங்க. கூப்பிட்டவங்க மனசு என்ன பாடு பட்டிருக்கும்! அங்க வாழ்ந்த பால் ஹண்ட், தசைச் சிதைவு நோய் இருந்தவர், அந்த ஆராய்ச்சியாளருங்கள ஒட்டுண்ணிகள்னே எழுதினாரு. 1979ல அவரு இறந்துட்டாரு, கட்டுரை 1981லதான் அச்சுல வந்துச்சு. நடுநிலை நடுநிலைன்னு சொல்லிட்டு நிர்வாகத்தையும் அடைஞ்சு கிடக்கிறவங்களையும் ஒரே தராசுல வைக்கிறது நடுநிலையே இல்லங்கறதுதான் அவரோட வாதம், எனக்கு அது முழுக்க சரின்னுதான் படுது.

அடுத்து, யாரு பதில் சொல்றாங்கங்கறது. எங்க வீட்டுல அம்மா பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க. கேள்விய என்கிட்ட கேட்டுட்டு முகத்த அம்மா பக்கம் திருப்பிக்கிறவங்க நிறைய பேரு, அம்மாவும் பாவம் பதில் சொல்லிடுவாங்க, ஃபார்ம்ல அது என் பதிலா ஏறிடும். எனக்கு ஆசை இருக்கா, கல்யாணம் பண்ணிக்க நினைச்சனா, மாசம் மூணு நாள் நான் எப்படி சமாளிக்கிறேன், இதெல்லாம் கேக்க ஏழு பேருக்கும் தோணல, தோணியிருந்தாலும் அம்மா முன்னாடி நான் என்ன சொல்லிருப்பேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணுகிட்ட, வீட்டுல யாராவது அடிக்கிறாங்களான்னு ஒரு சர்வேல கேட்டாங்க. அண்ணன் கதவுகிட்ட நின்னுகிட்டு இருந்தான். இல்லன்னுதான் சொன்னா. அந்த இல்லங்கறதும் இன்னைக்கு ஏதோ ஒரு புள்ளிவிவர டேபிள்ல ஒரு எண்ணா இருக்கும். தனியா பேசுங்க. தனியா பேச வழி இல்லன்னா அந்தக் கேள்விய அன்னைக்கு கேக்காதீங்க, தயவுசெஞ்சு.

இன்னொரு பக்கம், ஃபார்ம் முழுக்க சோகத்த மட்டுமே தேடாதீங்க. பெரிய ஊனம் உள்ளவங்கள்ல பாதிக்கு மேல தங்களோட வாழ்க்கை நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னாங்கன்னு 1999ல ஆல்பிரெக்ட், டெவ்லீகர்னு ரெண்டு பேர் எழுதினாங்க, ஊன முரண்னே அதுக்கு பேர் வச்சாங்க. வெளிய இருந்து பாக்குறவங்களுக்குத்தான் அது முரண், எனக்கு அதுல ஒரு முரணும் இல்ல. 2021ல அமெரிக்காவுல 714 டாக்டருங்ககிட்ட கேட்ட சர்வேல 82.4 சதவீதம் பேரு பெரிய ஊனம் இருக்கிறவங்க வாழ்க்கைத் தரம் மத்தவங்கள விட மோசம்னு சொல்லிருக்காங்க. நாங்க ஐசியுல கிடக்கும்போது எவ்ளோ முயற்சி எடுக்கணும்னு முடிவு பண்றது டாக்டருங்கதான்னு நினைச்சா பயமா இருக்கு. அப்ப ஆராய்ச்சி பண்ண வேண்டிய ஆளு நான் மட்டும் இல்ல. டாக்டர், இன்ஜினியர், வேலைக்கு ஆள் எடுக்கிறவர், படிக்கட்டு வரைஞ்சு குடுத்தவர், அவங்ககிட்டயும் ஃபார்ம் எடுத்துட்டுப் போங்க.

கமிட்டில இருக்கிறவங்களுக்கு ஒண்ணு. ஊனமுற்றோர் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கை 2006ல வந்துச்சு. அதோட 31வது பிரிவு புள்ளிவிவரம் சேகரிக்கிறத பத்தினது, சேகரிச்ச புள்ளிவிவரத்த பரப்பணும், அது ஊனமுள்ளவங்களுக்கும் எட்டுற மாதிரி இருக்கணும்னு அதுல எழுதியே இருக்கு. அது அரசாங்கங்களுக்கு சொன்னதுதான், ஆனா நீங்களும் அத எடுத்துக்கலாமே. ஆராய்ச்சில சேர எங்க சம்மதம் வாங்குற கன்சென்ட் ஃபார்ம்ல எப்ப வேணா விலகிக்கலாம்னு ஒரு வரி போடுறீங்க, அது கூட, இந்த தேதிக்குள்ள முடிவ உங்ககிட்ட கொண்டுவந்து சொல்வோம்னு இன்னொரு வரி போட வைங்க. ஃபார்ம அச்சடிக்கிறதுக்கு முன்னாடி எங்கள்ல நாலு பேர உக்கார வச்சு, என்ன கேக்கணும்னு கேளுங்க, அந்த வேலைக்கு கூலியும் குடுங்க. டீ குடுத்து நன்றி சொல்றது போதாது.

கைடுகளே, ஆஸ்பத்திரிலயும் சிறப்புப் பள்ளிலயும் மட்டும் சாம்பிள் எடுக்கிறத விடுங்க. அங்க வர முடிஞ்சவங்க எங்கள்ல கொஞ்சம் வசதியானவங்க, தூக்க ஆள் இருக்கிறவங்க. மாடியில மூணாவது தளத்துல வருஷக்கணக்கா கீழ இறங்காம இருக்கிறவங்க உங்க யாரோட டேபிள்லயும் இல்ல.

கடைசியா, மூணு நாள் சாயங்காலம் வந்த அந்த தங்கச்சிக்கு. நீ நல்லா கேட்ட, நான் பேசும்போது நடுவுல ஒரு தடவைகூட கைக்கடிகாரத்த பாக்கல, அதனாலதான் அவ்ளோ சொன்னேன். உன் தீசிஸ் முடிஞ்சிருக்கும், பட்டமும் வாங்கியிருப்ப, ரொம்ப சந்தோஷம். அதுல ஒரு காப்பி எனக்கு வேணும். மொத்தமா அனுப்ப முடியலன்னா நான் பேசினது வர்ற பக்கங்கள மட்டுமாவது ஃபோன்ல படிக்கிற மாதிரி அனுப்பு. டாய்லெட் கதவ பத்தி நான் சொன்னத நீ எப்படி எழுதியிருக்கன்னு பாக்கணும், தப்பா இருந்தா திருத்தித் தர்றேன்.