நீர்க்குறி தெரியவில்லையா, இல்லையா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

மதிப்பிடச் சொல்லி நீங்கள் அனுப்பும் பழைய அமெரிக்க ஸ்டாம்புகளில் பல, 'நீர்க்குறி இல்லை' என்ற குறிப்போடு வருகின்றன. நீர்க்குறி என்பது தாள் செய்யும்போதே அதில் பதியும் மங்கலான அடையாளம். சோதித்தால் பெரும்பாலும் குறி இருக்கிறது. விலை அடியோடு மாறுவதால் இந்த விளக்கம்.

1894இல் அமெரிக்க அரசு அச்சகம் ஸ்டாம்ப் அச்சிடத் தொடங்கியபோது தாளில் நீர்க்குறி கிடையாது. 1895 முதல் யு, எஸ், பி, எஸ் என்ற ஆங்கில எழுத்துகள் இரட்டைக் கோட்டில் வந்தன. 1910 முதல் ஒற்றைக் கோட்டில், சிறிதாக. 1916இல் குறியையே விட்டுவிட்டார்கள். ஒரு ஸ்டாம்பில் முழு எழுத்து விழுவது அபூர்வம். ஓரத்தில் ஒரு வளைவு, ஒரு கால், அவ்வளவுதான். அது தலைகீழாகவோ பக்கவாட்டிலோ கூட இருக்கலாம்.

முதலில் ஹிஞ்ச் ஒட்டுகளை (ஆல்பத்தில் ஸ்டாம்பை ஒட்டப் பின்புறம் வைக்கும் சிறு பசைத்தாள்) நீக்கி, ஸ்டாம்பை நன்றாக உலர்த்துங்கள். கறுப்புத் தட்டில் முகம் கீழே இருக்கும்படி வைத்து, நீர்க்குறித் திரவம் சில சொட்டு விடுங்கள். லைட்டர் திரவமும் போதும். பெட்ரோல் கறை விடும், பென்சீன் நஞ்சு. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் தீ கூடாது. குறி உள்ள இடத்தில் தாள் மெலிவு என்பதால் அங்கே கருமையாகத் தெரியும். நனைந்த கணத்திலும், திரவம் ஆவியாகி உலரும் கணத்திலும் உற்றுப் பாருங்கள். சில ஸ்டாம்புகளில் உலரும்போதுதான் தெரியும். ஹிஞ்சைப் பிய்த்ததில் தாள் மெலிந்த இடமும் கறுக்கும், ஆனால் அதன் விளிம்பு ஒழுங்கற்றிருக்கும். எழுத்தின் கோடு அப்படி இருக்காது. மஞ்சள், ஆரஞ்சு நிற ஸ்டாம்புகளும் அடர்ந்த முத்திரை விழுந்தவையும்தான் கண்ணை ஏமாற்றும். அவற்றை விளக்கைச் சாய்த்து இரண்டு மூன்று முறை பாருங்கள்.

உங்கள் கண்ணைச் சோதிக்க ஒரு வழி உண்டு. 1908இல் தொடங்கிய வாஷிங்டன்–பிராங்க்ளின் வரிசையில் (இவ்விருவரின் உருவம் உள்ள ஸ்டாம்புகள்) துளை அளவு 12, அதாவது ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு 12 துளை, உள்ளவற்றில் இரண்டு குறிகளில் ஒன்று இருந்தே ஆகவேண்டும். அதில் தெரியாவிட்டால் குறை பார்க்கும் முறையில்தான். துளை 11 என்றால் ஏறக்குறைய எல்லாமே குறியற்றவை, அலட்டிக்கொள்ள வேண்டாம்.

சிக்கல் துளை 10இல்தான். 1914இன் ஒரு சென்ட் பச்சையில் ஒற்றைக்கோட்டுக் குறி உண்டு, மலிவு. 1916இல் அதே படம், அதே துளை. குறி கிடையாது, விலை கூடுதல். 1894, 1895 ஸ்டாம்புகளிலும் இதே கதை. இவ்விரண்டு இடங்களிலும் மூன்று முறை நனைத்தும் ஒரு கோடுகூடத் தெரியாத ஸ்டாம்பை மட்டும் தனி உறையில் போட்டு அனுப்புங்கள்.