ஜூலை 23: ஆற்றங்கரைக்கு வாருங்கள்

பால்புதுமைத் தோழர்களே (தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள், திருநர் எல்லோரும்தான்), ஜூலை 23 காலை 8 மணிக்குத் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கூடி, கொக்கிரகுளம் ஆற்றங்கரைக்கு நடந்தே போகிறோம். 1999இல் மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் கூலிக்காக மனு கொடுக்கப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியதில் தாமிரபரணியில் 17 பேர் உயிர் போனது. கைக்குழந்தையும் அதில் உண்டு.

"அது கூலிப் பிரச்சினை, நமக்கென்ன?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் நம் தன்பாலினக் காதல் குற்றமில்லை என்றது, சரி. ஆனால் வாடகைக்கு வீடு கேட்டால் இன்னும் கதவைச் சாத்துகிறார்கள். திருநங்கைத் தோழிகளுக்கு வேலை கிடைப்பதில்லை. கூலியும் கூரையும் நம் பிரச்சினைதான். அப்புறம், நம்மில் சிலர் எஸ்டேட் லைன் வீடுகளில் (தொழிலாளர் குடியிருப்பில்) வளர்ந்த பிள்ளைகள்.

வானவில் கொடி எடுத்து வரலாம். வீட்டுக்குத் தெரியாமல் வருகிறவர்கள் பூ மட்டும் கொண்டுவந்தால் போதும். கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்காதீர்கள்.