கட்டடம் இருக்கும் தெருவில் பள்ளி

அன்புள்ள சீனு,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. பேத்தியைப் பள்ளியில் சேர்க்கும் படலத்தில் பதில் தள்ளிப்போய்விட்டது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

சார்ட்டர் பள்ளி என்றால் தனியார் பள்ளிதானே என்று கேட்டிருந்தாய். இல்லை. பணம் அரசுடையது, கட்டணம் கிடையாது. நிர்வாகம் மட்டும் தனி அமைப்பின் கையில். இந்த வாஷிங்டனில் 1996 முதல் இருக்கின்றன. இன்று அரசுச் செலவில் படிக்கும் பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இவற்றில்தான் படிக்கிறார்கள். எந்தப் பேட்டைப் பிள்ளையும் எந்தப் பள்ளிக்கும் மனுப் போடலாம். கூட்டம் அதிகமானால் குலுக்கல்.

அப்படியென்றால் ஊர் முழுக்கப் பரவி இருக்க வேண்டும் அல்லவா? வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். ராக் கிரீக் பூங்காவுக்கு மேற்கே, வசதியானவர்கள் பக்கம், ஏறக்குறைய வெறுமை. கிழக்கேயும் அனகோஸ்டியா ஆற்றுக்கு அக்கரையிலும் நெருக்கம். மேற்கத்திக்காரர்களுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியே போதும். பள்ளிக் கட்டணத்தை வீட்டு விலையிலேயே கட்டிவிட்டவர்கள் அவர்கள்.

ஏழைகளுக்காகத்தான் பள்ளி நடத்துபவர்கள் கிழக்கே போகிறார்கள் என்று முதலில் நெகிழ்ந்தேன். பாதி உண்மை. மீதி, மனை விலை. சாதாரண அரசுப் பள்ளிக்கு நகரமே கட்டடம் தந்துவிடும். சார்ட்டர் பள்ளி தானே தேடிக்கொள்ள வேண்டும். அதற்கென ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 3,000 டாலருக்கு மேல் கிடைக்கிறது. அந்தப் பணத்தில் மேற்கே எங்கே இடம் பிடிப்பது? தேவாலயத்தின் கீழ்த்தளம், பழைய கிடங்கு என்று ஒண்டிக்கொண்டு தொடங்கியவை பல. 2008இல் நகரம் மாணவர் குறைந்துபோன 23 பள்ளிகளை மூடியது. காலியாகும் பள்ளிக் கட்டடத்தில் சார்ட்டர் பள்ளிகளுக்கு முன்னுரிமை உண்டு என்கிறது சட்டம். ஆக, பழைய பள்ளி செத்த இடத்திலேயே புதியது முளைக்கிறது. நம் ஊரில் கோயில் குளம் தூர்ந்த இடத்தில் பஸ் நிலையம் வந்த மாதிரி என்று சொல்ல நினைத்தேன். இது அவ்வளவு மோசமில்லை.

எனக்குப் பிடித்தது வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை இருந்த வளாகம். 2011இல் மருத்துவமனை போய்விட்டது. செவிலியர் தங்கிய பழைய விடுதியில் 2017இல் ஒரு சார்ட்டர் பள்ளி குடியேறியது. எத்தனை ஜன்னல்கள், சீனு! நாம் படித்த ஓட்டுக் கட்டடம் நினைவுக்கு வந்தது.

பேத்திக்குக் குலுக்கலில் இடம் விழுந்துவிட்டது, ஆனால் ஊரின் மறுகோடியில். இரண்டு பஸ். மாணவர்களுக்குப் பயணம் இலவசம். கூடப் போகும் தாத்தாவுக்குப் பாதி டிக்கெட்.

உன்
ராமு