ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தையின் வீட்டுக்கு உதவ முன்வருபவர்களுக்கு

அன்புள்ள உறவினர்களே, அக்கம்பக்கத்தாரே, உடன் வேலை பார்ப்பவர்களே, நிதி திரட்டும் சங்கத்தாரே,

இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று ஒரு குடும்பம் உதவி கேட்டதும் நீங்கள் ஓடி வருகிறீர்கள். பத்து நாளில் பணம் சேர்ந்துவிடுகிறது, ரத்தம் கொடுக்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், வார்டு வாசலில் கூட்டம் நிற்க இடமில்லை. நாலாவது மாதம் அந்த வீட்டுக்கு ஒரு போன்கூட வருவதில்லை. சிகிச்சை நடப்பதோ இரண்டு முதல் மூன்று ஆண்டு. குழந்தைப் புற்றுநோய் வார்டுகளில் குடும்பங்களுக்குத் துணையாக வேலை பார்ப்பவர்கள் நாங்கள். உங்கள் உதவியைக் கொஞ்சம் நீட்டிப் பரப்புங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இந்த வயதில் வருவது பெரும்பாலும் அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகீமியா. தொற்று நோய் அல்ல. கர்ப்பத்தில் அம்மா எதையோ சாப்பிட்டதால் வந்ததும் அல்ல. அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்க வேண்டாம். முதல் கட்டம் நாலைந்து வாரம்: வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி, தினமும் ஸ்டீராய்டு, இடையில் அஸ்பராஜினேஸ் என்ற மருந்து, முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீருக்குள் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து. இது முடியும்போது நூற்றுக்கு 95 குழந்தைகளுக்கு மேல் மைக்ராஸ்கோப்பில் புற்றணு தெரியாத நிலைக்கு வந்துவிடுவார்கள். ‘குணமாயிடுச்சாம்’ என்று செய்தி பரவி எல்லோரும் கலைவது இந்த இடத்தில்தான். ஆனால் மருந்தை இங்கே நிறுத்தினால் அநேகமாக எல்லாக் குழந்தைக்கும் நோய் திரும்பிவிடும். இதற்குப் பிறகு பல மாதம் கடுமையான கட்டங்கள் இருக்கின்றன. அதன் பிறகு ஒன்றரை ஆண்டுக்கு மேல் வீட்டில் மாத்திரை கொடுக்கும் பராமரிப்புக் கட்டம்.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் பிழைக்கிறார்கள். வசதி குறைந்த பல நாடுகளில் 30 விழுக்காடுகூட இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிகிச்சையைப் பாதியில் விடுவது இதற்கு ஒரு பெரிய காரணம். தொடர்ந்து நாலு வாரம் சிகிச்சை விட்டுப்போனாலே மருத்துவத்தில் அதைக் கைவிட்டதாகத்தான் கணக்கு வைக்கிறார்கள். மருந்துச் செலவு மட்டும் குடும்பத்தை அந்த நிலைக்குத் தள்ளுவதில்லை. போக்குவரத்து, ஆஸ்பத்திரிப் பக்கத்தில் தங்கும் வாடகை, அம்மாவோ அப்பாவோ வேலையை விட்டதால் நின்றுபோன சம்பளம், வீட்டில் இருக்கும் இன்னொரு பிள்ளை என்று எல்லாம் சேர்ந்து அழுத்துகிறது. அதனால் தரப்போவதில் மூன்றில் ஒரு பங்கை இப்போது கொடுங்கள். மீதியை மாதாமாதம், பரிசோதனைத் தேதிக்கு இரண்டு நாள் முன்பு, கேட்காமலேயே அனுப்புங்கள். பணம் கட்டுவதற்கு முன் ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். அரசுத் திட்டமோ அறக்கட்டளையோ எந்தச் செலவை ஏற்கெனவே ஏற்றிருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

நிதி கேட்டு அனுப்பும் செய்தியில் குழந்தையின் படமும் ஆஸ்பத்திரிச் சீட்டும் வேண்டாம். பழைய படத்தின் அடியில் வேறு யாருடைய கணக்கு எண்ணையோ போட்டுச் சுற்ற விடும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். எவ்வளவு தேவை, எந்தத் தேதியோடு வேண்டுகோள் முடிகிறது என்பதை அந்தச் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். கணக்கை இரண்டு பேர் சேர்ந்து பார்க்கட்டும்.

ரத்தத்திலும் இதே தேதிச் சிக்கல்தான். ரத்தக் கசிவை நிறுத்தும் அணுவான பிளேட்லெட்டின் ஆயுள் ஐந்து நாள், சில இடங்களில் ஏழு. அதையும் 20 முதல் 24 டிகிரி செல்சியஸில் ஓயாமல் ஆட்டிக்கொண்டே வைத்திருக்க வேண்டும். சிவப்பணு 35 முதல் 42 நாள் தாங்கும். முப்பது பேர் ஒரே நாளில் கொடுத்துவிட்டால், அடுத்த மாதம் குழந்தைக்கு மூக்கில் ரத்தம் வரும்போது அந்த முப்பது பேரும் மறுபடி கொடுக்கும் தகுதிக்கு இன்னும் வந்திருக்க மாட்டார்கள். பெயர், ரத்த வகை, போன் எண், கடைசியாகக் கொடுத்த தேதி எல்லாம் போட்டு ஒரு பட்டியல் எழுதி, வாரத்துக்கு இரண்டு மூன்று பேரை மட்டும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நெருங்கிய ரத்த சொந்தம் என்றால் ரத்த வங்கியில் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். கொடுப்பவரின் வெள்ளணுக்கள் குழந்தையின் உடம்பையே தாக்கும் ஆபத்து சொந்தக்காரர் ரத்தத்தில் அதிகம். அதைக் கதிர்வீச்சில் காட்டாமல் ஏற்றக் கூடாது. முடிந்தால் வெளியாளின் ரத்தமே மேல். ‘எலும்பு மஜ்ஜை நான் தர்றேன்’ என்று முன்வருவதும் நல்ல மனசுதான். ஆனால் இந்த நோய் வந்த பெரும்பாலான குழந்தைகளுக்கு மஜ்ஜை மாற்றே தேவைப்படாது.

இனிச் சொல்லப்போவது காய்ச்சல். இதை மட்டுமாவது நிறுத்திப் படியுங்கள்.

கீமோ, அதாவது புற்றணுவைக் கொல்லும் மருந்து எடுக்கும் குழந்தைக்கு, கிருமியை எதிர்க்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளணு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. அப்போது ரத்தத்தில் கிருமி ஏறினால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட் காட்டினால் உடனே வார்டுக்குப் போன் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். குழந்தையின் மருத்துவர் வேறு அளவு எழுதிக் கொடுத்திருந்தால் அதுதான் கணக்கு. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த 60 நிமிடத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பதுதான் குறி. தாமதம் எங்கே ஆகிறது என்றால், பாராசிட்டமால் கொடுத்து ‘விடியட்டும் பார்க்கலாம்’ என்று உட்காரும் வீட்டில். காய்ச்சல் இறங்கிவிடும், கிருமி இறங்காது. இல்லாவிட்டால் நடுராத்திரியில் வண்டி கிடைக்காத தெருவில். அதுவும் இல்லாவிட்டால் அவசரப் பிரிவில் சாதாரணக் காய்ச்சல் வரிசையில். அங்கே உள்ளே போனதும் வாயிலிருந்து முதலில் வர வேண்டியது, ‘கீமோ எடுக்கிற குழந்தை, காய்ச்சல், போர்ட் இருக்கு’ என்பது. மற்றதெல்லாம் பிறகு சொல்லலாம். (போர்ட் என்பது மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் வைத்திருக்கும் சின்னக் கருவி.)

வண்டி வைத்திருப்பவர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான். ஏழு ராத்திரிக்கு ஏழு பேர் பெயரை எழுதி அந்த வீட்டுக் கதவில் ஒட்டுங்கள். உங்கள் முறை வரும் ராத்திரி போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். கதவோரம் எப்போதும் ஒரு பை கட்டியிருக்கட்டும். சிகிச்சைக் குறிப்பேடு, கடைசி ரத்த அறிக்கை, ஒவ்வாத மருந்தின் பெயர், டயப்பர், மாற்றுத் துணி, சார்ஜர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஸ்டீராய்டு ஓடும் வாரங்களில் காய்ச்சலே காட்டாமல் குழந்தை துவண்டு கிடக்கலாம். போர்ட்டில் மருந்து விட்ட சிறிது நேரத்தில் உடம்பு நடுங்கலாம். இரண்டுமே காய்ச்சலுக்குச் சமம். வார்டில் கேட்காமல் ஐபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் கொடுக்கக் கூடாது, ரத்தம் கசியும். ஆசனவாய் வழியாகத் தெர்மாமீட்டர், மருந்து, எனிமா எதுவும் வைக்கக் கூடாது. அங்கே சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமிக்கு வழி திறந்துவிடும்.

பார்க்க வருகிறவர்களுக்கு: சளி இருந்தால் வராதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அம்மையோ தட்டம்மையோ கண்டால் அன்றைக்கே சொல்லுங்கள். அம்மைக் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அது பரவும். வந்து போனதை உடனே சொல்லிவிட்டால் தடுப்பு மருந்து கொடுக்க வழியிருக்கிறது. முதல் நாலு நாளுக்குள் கொடுப்பது நல்லது. வெட்கப்பட்டு ஒரு வாரம் கழித்துச் சொல்பவர்கள்தான் அதிகம்.

நோயாளிக் குழந்தையின் அண்ணன் அக்காவைப் பகலில் பார்த்துக்கொள்வதும் பள்ளிக்குக் கூட்டிப்போவதும் யாரும் நினைத்துப் பார்க்காத பெரிய உதவி. அவர்களுடைய தடுப்பூசிகளும் தவறக் கூடாது.

குழந்தையையே பார்த்துக்கொள்ள வரும் சித்தி, பாட்டி, பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான் விவரம் நிறையத் தேவை. கீமோ ஏறிய 48 மணி நேரம் சிறுநீரிலும் மலத்திலும் மருந்து வெளியேறும். டயப்பர் மாற்றும்போது கையுறை போடுங்கள். அழுக்குத் துணியைத் தனியாகத் துவையுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையைத் தொட வேண்டாம். வின்கிரிஸ்டினால் தாடை வலிக்கும், மலச்சிக்கல் வரும், கால் தளர்ந்து நடக்க மறுக்கும். அடம் என்று நினைத்து நடக்க வைக்காதீர்கள், அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் மருத்துவரிடம் சொல்வார். ஸ்டீராய்டு வாரத்தில் குழந்தை நடுராத்திரி மூன்று மணிக்குப் பசி என்று அலறும், காரணமில்லாமல் அடிக்கும். அது மருந்தின் வேலை. ‘செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே’ என்ற விமர்சனம் அந்த வீட்டில் தேவையில்லை. முதுகில் ஊசி போடும் நாளில் மயக்க மருந்துக்காகப் பட்டினி போட வேண்டியிருக்கும். குழந்தை கண்ணெதிரே யாரும் எதையும் வாயில் போடாதீர்கள். (ஆஸ்பத்திரி நிர்வாகத்தாரும் இதைப் படித்தால்: ஸ்டீராய்டு பசியில் இருக்கும் இரண்டு வயதுக் குழந்தையை அன்றைய பட்டியலில் முதல் ஆளாகப் போடுங்கள்.)

பராமரிப்புக் கட்டம் வந்ததும் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மெர்கேப்டோப்யூரின் தினமும் ராத்திரி. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள். இரண்டுமே பெரும்பாலும் மஞ்சள் சாயல் கொண்ட சின்ன மாத்திரைகள். வாரத்துக்கு ஒரு நாள் என்பதைத் தினமும் என்று கொடுத்துவிட்டால் வாய் முழுக்கப் புண் வெடித்து, ரத்த அணுக்கள் விழுந்து, உயிரே போகலாம். இன்னொரு தவறு மருந்துக்கடையில் நடக்கும். 2.5 மில்லிகிராம் கேட்ட இடத்தில் 10 மில்லிகிராம் அட்டை வந்துவிடும். நாலு மாத்திரை என்று எண்ணிக் கொடுத்தால் அளவு நாலு மடங்காகிவிடும். வாரத்தின் எந்த நாள் என்பதை மெத்தோட்ரெக்சேட் டப்பாமேல் பெரிதாக எழுதுங்கள், மற்ற நாள் அதை வேறு அலமாரியில் வையுங்கள். மெர்கேப்டோப்யூரினோ ‘ஒரு நாள் முழுசு, மறுநாள் அரை’ என்று வரும். ரத்த எண்ணிக்கையைப் பார்த்து அந்தக் கணக்கும் மாறும். போன தடவைக் கணக்கை மனப்பாடத்தில் வைத்துக்கொண்டு கொடுக்கக் கூடாது, நோட்டில் கடைசியாக எழுதியிருப்பதைப் பாருங்கள். கொடுத்ததும் டிக் போடுங்கள். எழுதிக் கொடுத்ததில் 95 விழுக்காட்டுக்குக் குறைவாக மெர்கேப்டோப்யூரின் உள்ளே போன குழந்தைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். மாதத்தில் இரண்டு ராத்திரி மறந்தாலே அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடும்.

மாத்திரையைத் திறந்த கிண்ணத்தில் நசுக்காதீர்கள், தூள் மூச்சில் போகும். எப்படிக் கரைப்பது என்று வார்டு மருந்தாளரைக் கேட்டு, வாய்வழி சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். புட்டி நிறையப் பாலில் கலந்தால் பாதியில் துப்பிவிடும், எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு பாலையே வெறுக்கும். வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்கும் முன் போன் போட்டுக் கேளுங்கள். தெம்புக்கு என்று டானிக் வாங்கி வருபவர்கள் பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஃபோலிக் அமிலம் இருந்தால் அது மெத்தோட்ரெக்சேட்டுக்கு எதிராக வேலை செய்யும். மூலிகை மருந்தும் மருத்துவரைக் கேட்காமல் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

கடைசி மாத்திரை முடிந்த பிறகும் பல மாதம் ரத்தப் பரிசோதனை தொடரும். எதிர்ப்பு சக்தி மெதுவாகத்தான் திரும்பும், விட்டுப்போன தடுப்பூசிகளை மருத்துவர் சொல்லும் தேதியில் போட வேண்டியிருக்கும். போர்ட்டை எடுக்கும் நாள்வரை காய்ச்சல் விதியில் மாற்றமில்லை. கதவில் ஒட்டிய ஏழு பெயரையும் அதுவரை கிழிக்காதீர்கள்.

இப்படிக்கு,
குழந்தைப் புற்றுநோய் வார்டுகளில் குடும்பங்களுக்குத் துணைநிற்பவர்கள்