வாசலில் 20 யூனிட், வீட்டுக்குள் இருட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் வீட்டின் தரைத்தளத்தில் இட்லி மாவு அரைத்து, தண்டையார்பேட்டை முதல் கத்திவாக்கம் வரையுள்ள கடைகளுக்கு விடியற்காலையில் கொண்டு சேர்க்கும் தொழில் செய்து வருகிறேன். பதினோரு ஆண்டுகள் உழைத்த டீசல் குட்டியானையை 2023ஆம் ஆண்டின் நடுவில் விற்றுவிட்டு, மின்சாரத்தில் ஓடும் சிறிய லோடு வண்டி ஒன்றை வாங்கினேன். மின் வண்டிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் விலையையும், ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதையுமே பெரும்பாலும் எழுதுகிறார்கள். மின்தடை நேரத்தில் அந்த வண்டி வீட்டுக்கும் தொழிலுக்கும் என்ன செய்ய முடியும், இன்று ஏன் அதைச் செய்யவில்லை என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

வண்டியைப் பற்றி எனக்கு மனக்குறை ஏதுமில்லை. அதன் பேட்டரியில் ஏறக்குறைய 21 யூனிட் மின்சாரம் பிடிக்கும். சுமையோடு, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்று நின்று போகும்போது 100 கிலோமீட்டர் வரை தாராளமாகக் கிடைக்கிறது. என்னுடைய ஒரு நாள் ஓட்டம் 60 கிலோமீட்டர்தான். அதற்கு இரவில் 13 யூனிட் அளவுக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது. யூனிட்டுக்குப் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 130 ரூபாய் ஆகிறது. பழைய வண்டிக்கு அதே தூரத்துக்கு டீசல் 300 ரூபாய்க்கு மேல் ஆகும். தனி சார்ஜிங் நிலையம் எதையும் தேடிப் போவதில்லை. சுவரில் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் போல ஏறுகிறது. மாலையில் கிரைண்டர்கள் ஓடி முடிந்த பிறகு, ஒன்பது மணிக்குச் செருகினால், இரண்டு மணிக்குள் வேலை முடிந்துவிடுகிறது.

ஒன்றே ஒன்றைக் கடலோரத்தில் வசிப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஓர் இரவு சார்ஜர் எர்த் பழுது என்று காட்டி, மின்சாரம் ஏற்றவே மறுத்துவிட்டது. அன்றைய சரக்கை வாடகை வண்டியில் அனுப்பினேன். வயர்மேன் வந்து தோண்டிப் பார்த்தபோது, வீட்டின் எர்த் கம்பி இணைப்பு உப்புக்காற்றில் பச்சை பூத்து அரித்துப் போயிருந்தது. அந்த எர்த் எத்தனை ஆண்டுகளாகப் பெயருக்கு மட்டும் இருந்ததோ தெரியாது; கிரைண்டரும் ஃபிரிட்ஜும் அதை ஒருபோதும் சொன்னதில்லை, வண்டிதான் சொன்னது. புதிய எர்த் போட்டு, பிளக்கைத் தரையிலிருந்து நான்கரை அடி உயரத்துக்கு ஏற்றிவிட்டேன்.

இனி சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. நீர் சூழ்ந்த பில்லர் பாக்ஸ்களில் (தெருவோர மின்பகிர்வுப் பெட்டிகளில்) மின்சாரத்தை ஓடவிடுவது உயிருக்கு ஆபத்து என்பதால் இணைப்பை நிறுத்தினார்கள். அது சரியான முடிவு, அதில் நான் குறை காணவில்லை. எங்கள் தெருவுக்கு மூன்றாம் நாள் இரவுதான் மின்சாரம் திரும்பியது. வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் மொத்தமே 1.8 யூனிட்தான் இருக்கும். அதையும் முழுவதுமாக எடுக்க முடியாது. அது முதல் நாள் இரவே அணைந்தது. 60 கிலோ மாவு புளித்துப் பொங்கி வீணானது. என் தாயாருக்கு 76 வயது, இன்சுலின் போட்டுக்கொள்பவர். அந்த மருந்தை ஈர மணலுக்குள் வைத்த மண் சட்டியில் பாதுகாத்தோம்.

இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது, முந்தைய மாலை முழுவதுமாகச் சார்ஜ் செய்த வண்டி, வாசலின் சாய்தளத்தில் தண்ணீருக்கு மேலே, 20 யூனிட் மின்சாரத்தோடு சும்மா நின்றது. ஓட்டிச் செல்லச் சாலை இல்லை. அதிலிருந்து எங்களால் எடுக்க முடிந்ததெல்லாம் ஓட்டுநர் இருக்கை அருகே உள்ள 12 வோல்ட் துளையிலிருந்து கைபேசிக்கான சார்ஜ் மட்டும்தான். தெருவில் உள்ள பிள்ளைகள் வரிசையாக வந்து கைபேசிகளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரண்டு ஃபிரிட்ஜுகளுக்கு நாளொன்றுக்கு மூன்று யூனிட், மூன்று மின்விசிறிகளுக்கு இரண்டரை, விளக்குகளுக்கு அரை, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற அரை யூனிட், ஆக ஆறரை. இடையில் ஏற்படும் இழப்பைக் கழித்தாலும், அந்த 20 யூனிட்டில் இரண்டரை நாளுக்கு மேல் ஓட்டியிருக்கலாம்.

இது வீண் கற்பனை அன்று. 2011ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஜப்பானில் நிசான் லீஃப் காரின் பேட்டரியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் தரும் கருவி 2012இலேயே விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 2022இல் வந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் என்ற மின்சாரப் பிக்கப் வண்டி 9.6 கிலோவாட் வரை வெளியே தரக்கூடியது. உரிய கருவிகளைப் பொருத்திய வீட்டில் மின்தடை ஏற்பட்டால், அது தானாகவே வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கும். அதன் பெரிய பேட்டரியில் 131 யூனிட் பிடிக்கும். அவ்வளவு பெரிய வண்டி எங்கள் தெருவுக்குள் நுழையாது. எங்களுக்கு அது தேவையும் இல்லை. ஆனால் 2023இல் புதுப்பிக்கப்பட்ட டாடா நெக்ஸான் மின்கார் போன்ற, இந்தியாவில் விற்கும் கார்களில், வெளிக்கருவிகளுக்கு மின்சாரம் தரும் வசதி வந்துவிட்டது. நான் வண்டி வாங்க விசாரித்த நாளில், எனக்குக் காட்டப்பட்ட எந்த லோடு வண்டியிலும் அது இல்லை. காரில் செல்பவருக்குச் சுற்றுலாவில் காப்பி போட்டுக்கொள்ள உதவும் வசதி, சரக்கு கெட்டுப்போனால் அந்த வார வருமானமே போய்விடும் ஒருவருக்கு அதைவிட அதிகமாக உதவும் என்பதை வண்டி செய்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த வசதி இல்லாத வண்டியில் நாமே ஒயர் இழுத்துக்கொள்ளலாம் என்று எவரும் முயல வேண்டாம். புயல் முடிந்த வாரத்தில் ஒருவர் என்னிடமும் அப்படிச் சொன்னார். வண்டியை ஓட்டும் பேட்டரியில் இருப்பது நேர்மின்சாரம் (டி.சி.). தொட்டால் ஆளைக் கொல்லும் அழுத்தம் உடையது. அதை வீட்டுக்குரிய 230 வோல்ட் மாறுமின்சாரமாக (ஏ.சி.) மாற்றும் கருவி, பேட்டரியைக் காவல் காக்கும் மின்னணுவியலோடு பேசிக்கொண்டு இயங்க வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து வீட்டு மெயினில் இருக்கிறது. வண்டியிலிருந்து வரும் மின்சாரத்தைச் சாதாரண பிளக் வழியாக வீட்டுக்குள் செலுத்தினால், அது மீட்டரைத் தாண்டித் தெருக்கம்பிக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மரில் எதிர்த்திசையில் ஏறி உயர் அழுத்தமாக மாறும். மின்சாரம் இல்லை என்று நம்பி, மழையில் நனைந்தபடி கம்பத்தில் ஏறிய லைன்மேன் அதில் சிக்குவார். ஆகவே வீடு ஒன்று தெரு இணைப்பில் இருக்க வேண்டும், இல்லையேல் வண்டி இணைப்பில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாதபடி சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இருப்பது கட்டாயம். ஜெனரேட்டர் வைத்திருக்கும் திருமண மண்டபங்களில் இது பழகிய ஏற்பாடுதான். வண்டி மின்சாரத்தின் நியூட்ரலை எர்த்தோடு முறைப்படி இணைக்காவிட்டால், கசிவு ஏற்படும்போது வீட்டின் பாதுகாப்புச் சுவிட்ச் விழாமல் போகலாம் என்பதையும் தகுதி பெற்ற எலக்ட்ரீஷியன் கவனிக்க வேண்டும். தண்ணீர் மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மூன்று கிலோவாட் தரும் வண்டியில் மோட்டாரையும் கிரைண்டரையும் ஒருசேரப் போட முடியாது.

இப்படி அடிக்கடி பயன்படுத்தினால் பேட்டரி தேய்ந்துவிடாதா என்று என் மகன் கேட்டான். ஆண்டில் நான்கைந்து நாள் இப்படி எடுப்பது, தினமும் 60 கிலோமீட்டர் ஓட்டுவதன் முன்னால் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அவசரத்துக்கு ஸ்டான்லி மருத்துவமனை வரை போய்த் திரும்பும் அளவு மின்சாரம் மிஞ்சும்போது வெளியீடு தானாக நின்றுவிட வேண்டும். அந்த எல்லையை உரிமையாளரே அமைத்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும்.

மின்வண்டி புகை விடாது என்று பெருமை பேச எனக்கு மனம் வருவதில்லை. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் மட்டும் 1,830 மெகாவாட், அருகிலுள்ள வல்லூர் 1,500 மெகாவாட். 2024இல் மூன்றாம் கட்டமாக 800 மெகாவாட்டும் சேர்ந்தது. என் வண்டிக்கு ஏறும் மின்சாரத்தில் ஒரு பங்கு எங்கள் எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பலிலிருந்தே வருகிறது. மாடியில் சூரியத் தகடு போட்டால் அந்தப் பங்கு குறையும். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசின் மானியம் 78,000 ரூபாய் கிடைக்கிறது. ஆனால் பேட்டரி இல்லாத வழக்கமான சூரிய இணைப்பு, தெருவில் மின்சாரம் நின்ற உடனே, லைன்மேனின் பாதுகாப்புக்காகவே, தானும் நின்றுவிடும் என்பது பலருக்கும் தெரிவதில்லை. வெயில் அடிக்கும்போதும் வீடு இருட்டாக இருக்கும். வண்டிப் பேட்டரியும் உரிய சேஞ்ச்ஓவரும் இணக்கமான இன்வெர்ட்டரும் இருந்தால், பகலில் தகட்டிலிருந்தும் இரவில் வண்டியிலிருந்தும் வீட்டை நடத்தலாம்.

ஆகவே வண்டி உற்பத்தியாளர்கள், சிறு லோடு வண்டிகளிலும் குறைந்தது மூன்று கிலோவாட் வெளியீட்டைக் கூடுதல் விலைக்கேனும் தர வேண்டும். மின் பகிர்மானக் கழகமும் ஒழுங்குமுறை ஆணையமும், வண்டியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்க எந்தச் சுவிட்ச் வேண்டும், யார் பொருத்த வேண்டும், யார் வந்து சோதிப்பார்கள், கட்டணம் என்ன என்பதை ஒரே பக்கத்தில், தமிழில், பிரிவு அலுவலகங்களின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அது வந்தால் நல்லது. புதிய எர்த் போட்ட அன்றே, மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் சேஞ்ச்ஓவர் சுவிட்சுக்கு ஓர் அடி இடம் விட்டு, வாசலின் சாய்தளம் வரை குழாயும் பதித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இட்லி மாவு உற்பத்தியாளர் ஒருவர்,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர்,
சென்னை - 19.